எஸ். கரிவரதன்

எஸ். கரிவரதன் (1954 – 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநர், பந்தய ஊர்தி வடிவமைப்பாளர், தொழிலதிபர் ஆவார். பந்தயத் துறையினரிடையே கரி என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டார். மாருதி 800 தானுந்தின் உறுப்புகளைப் பயன்படுத்தி ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய ஊர்தியை உருவாக்கியமை இவரது முதன்மையான பங்களிப்பாகும். சாலைத் தானுந்தின் சஸ்பென்ஷனைத் தாழ்த்திப் பந்தயத்திற்குக் கொண்டுவருவதே பெரும்பாலோர்க்கு வழியாக இருந்த காலத்தில், அதே மலிவான உறுப்புகளைக் கொண்டு தொடக்கத்திலிருந்தே தாழ்வான ஓர் ஊர்தியைக் கட்டலாம் என்று காட்டியவர் இவர். சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 1990களில் ஓடத் தொடங்கிய இளம் ஓட்டுநர்கள் பலருக்கு முதல் ஊர்தி ஃபார்முலா மாருதியே.

பின்னணி

கரிவரதன், 1910 ஆம் ஆண்டு ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்ஸ் ஆலையின் குடும்பத்தில் பிறந்தவர். நூற்பாலைகளை ஒட்டி அவற்றுக்கான இயந்திரங்களையும் கோயம்புத்தூரே செய்துகொள்ளத் தொடங்கியிருந்தது. வார்ப்பாலைகள், கடைசல் பட்டறைகள், நீரேற்றி செய்யும் சிறு தொழிற்கூடங்கள் ஆகியவை நகரெங்கும் பெருகின. குடும்பத்தின் மற்றொரு நிறுவனமான லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962 இல் தொடங்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உறுப்பை உள்ளூரிலேயே கடைந்து பொருத்திக்கொள்ளும் பழக்கம் இவ்வூரில் இயல்பானது. பந்தய ஊர்திகளைக் கட்டிய கரிவரதனுக்கு வேண்டிய சூழல், குடும்பச் செல்வத்தைப் போலவே இந்தப் பட்டறைகளிலிருந்தும் கிடைத்தது எனலாம்.

சோழவரம்

கரிவரதன் பந்தயத்தில் ஈடுபட்ட 1970களிலும் 1980களிலும் தென்னிந்தியாவின் பெரிய பந்தயக் களம் சோழவரம் ஆகும். சென்னைக்கு வடமேற்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள இவ்வூரில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து வானூர்தி ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953 இல் அமைக்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கு ஆண்டுதோறும் பந்தயங்களை நடத்தி வந்தது. சென்னை நகரிலிருந்தும், அம்பத்தூர், ஆவடி, பாடி முதலிய தொழிற்பகுதிகளிலிருந்தும் பெருங்கூட்டம் இப்பந்தயங்களுக்குச் செல்லும்.

ஓடுபாதை வானூர்திகளுக்காக இடப்பட்டது. நீண்ட நேர்ப்பகுதிகளில் எடுக்கும் விரைவை, அவை சந்திக்கும் இடத்தில் ஓட்டுநர் சட்டென்று குறைத்துத் திரும்பவேண்டும். இயந்திரத்தின் ஆற்றல் நேர்ப்பகுதியில் வெல்லும். திருப்பத்தில் வெல்வது சஸ்பென்ஷன்.

அக்காலத்தில் தானுந்து இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகளும் தீர்வைகளும் இருந்தன. வெளிநாட்டு ஒற்றை இருக்கைப் பந்தய ஊர்திகள் சோழவரத்தில் ஓடாமல் இல்லை. ஆனால் அவற்றை வாங்கிப் பராமரிக்க அரச குடும்பத்தினராலும் பெருந்தொழில் குடும்பத்தினராலும் மட்டுமே முடிந்தது. மற்றவர்களுக்கு இருந்தவை ஃபியட் 1100 என்ற பிரீமியர், அம்பாசடர், சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றுதாம். இம்மூன்றும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேடுபள்ளச் சாலைகளில் செல்வதற்காக உயரமாக நிறுத்தப்பட்டவை. எனவே பந்தயத்திற்கு ஆயத்தம் செய்பவர் இயந்திரத்தை மேம்படுத்திய கையோடு ஊர்தியைத் தாழ்த்தவும் முனைந்தார்.

தாழ்த்துவதற்கான முறை ஒவ்வொரு தானுந்திற்கும் வேறுபட்டது. ஃபியட்டின் முன்புறம் சுருள்வில். அதை வெட்டியோ குட்டையானதாக மாற்றியோ தாழ்த்தலாம். அதன் பின்புறம் பட்டைவில். அச்சிற்கும் பட்டைவில்லிற்கும் இடையே ஒரு கட்டையைச் செருகினால் உடல் இறங்கும். அம்பாசடரின் முன்புறம் முறுக்குத் தண்டு எனப்படும் டார்ஷன் பார். அதன் முனைப் பற்களைக் கழற்றி ஓரிரு பல் நகர்த்தி மாட்டினால் உயரம் மாறும். (ஆவடியில் கட்டப்பட்ட விஜயந்தா டாங்கியின் சக்கரங்களும் இத்தகைய முறுக்குத் தண்டுகள் மீதே நின்றன என்பது பலர் அறியாதது.) ஹெரால்டின் பின்புறத்தில் இருந்த ஊசல் அச்சு தனிச்சிக்கல் உடையது. வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் ஊர்தியின் அடியில் மடங்கி, பின்பகுதியை மேலே தூக்கிவிடும். அதன் குறுக்குப் பட்டைவில்லின் வளைவைக் குறைத்துத் தாழ்த்தினால் சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். தூக்கும் போக்கும் பெரிதும் குறையும். தாழ்த்துதலால் தெளிவான நன்மை பெற்ற தானுந்துகளில் ஹெரால்டும் ஒன்று.

தாழ்த்துவதால் விளைவது

கரிவரதனின் வடிவமைப்பைப் புரிந்துகொள்ள, தாழ்த்துதல் எதைத் தருகிறது, எதைத் தராது என்பதைச் சற்று விரிவாகக் காணவேண்டும்.

ஊர்தி திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை பெயர்கிறது. டயரின் பிடி, எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. எடை இருமடங்கானால் பிடி இருமடங்கிற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே இரு சக்கரங்களும் சமமாக எடையைத் தாங்கினால் கிடைக்கும் மொத்தப் பிடி, ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் தாங்கும்போது கிடைப்பதில்லை. பெயரும் எடையைக் கணக்கிட, ஊர்தியின் எடையைப் பக்கவாட்டு முடுக்கத்தாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, இடவலச் சக்கரங்களின் இடைவெளியால் வகுக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஓட்டுநருடன் 700 கிலோ எடையுள்ள சிறு தானுந்து ஒன்றைக் கொள்வோம். சக்கர இடைவெளி 1.2 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 50 செ.மீ., பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பின் 0.8 பங்கு என்றால், ஏறத்தாழ 233 கிலோ வெளிப்பக்கத்திற்குப் பெயரும். சுருள்வில்லை வெட்டி 4 செ.மீ. தாழ்த்தினால் அது 215 கிலோவாகக் குறையும். குறைவது 18 கிலோ, அதாவது சுமார் 8 விழுக்காடு. பயன் இல்லாமல் இல்லை. ஆனால் பட்டறைப் பேச்சில் சொல்லப்படும் அளவிற்குப் பெரிதும் அன்று. ஈர்ப்பு மையத்தை 30 செ.மீ. உயரத்திற்குக் கொண்டுவர முடிந்தால் பெயர்வது 140 கிலோ மட்டுமே. சாலைத் தானுந்து ஒன்றில் வில்லை வெட்டி இந்த உயரத்தை அடைய முடியாது. இயந்திரமும் இருக்கையும் தரையும் அதற்கு இடங்கொடுக்க மாட்டா.

இந்தச் சிறு பயனுக்கும் விலை உண்டு. எட்டுச் சுற்றுள்ள சுருள்வில்லில் ஒன்றை வெட்டினால் அதன் விறைப்பு சுமார் 14 விழுக்காடு கூடுகிறது. விறைப்புக் கூடுவது பந்தயத்தில் விரும்பத்தக்கதே என்றாலும், ஷாக் அப்சார்பர் பழைய வில்லுக்காக அமைக்கப்பட்டது. புதிய வில்லின் அதிர்வை அதனால் அடக்க முடியாது. சக்கரம் மேலெழுவதற்கு எஞ்சியிருக்கும் இடைவெளியும் குறைகிறது. ஒரு மேட்டில் ஏறும்போது சஸ்பென்ஷன் இறுதிவரை அமுங்கி ரப்பர்த் தடுப்பில் இடித்தால், அந்தக் கணத்தில் அச்சக்கரத்திற்கு வில்லே இல்லாதது போலாகிவிடும். இது முன்புறம் நிகழ்ந்தால் ஊர்தி திரும்ப மறுத்து வெளியே தள்ளப்படும். பின்புறம் நிகழ்ந்தால் வால் வீசிச் சுழலும்.

மாருதி 800 போன்ற தானுந்துகளின் முன்புறத்தில் உள்ள மக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் இன்னொரு வியப்பும் உண்டு. ஊர்தி சாய்வதற்கு அச்சாக அமையும் கற்பனைப் புள்ளி சாய்வு மையம் எனப்படும். தாழ்த்தும்போது கீழ்க்கையின் உட்புற முனை இறங்கி, கை வெளிநோக்கி மேலேறிய நிலைக்கு வருகிறது. இதனால் சாய்வு மையம், ஈர்ப்பு மையம் இறங்கியதைவிடக் கூடுதலாக இறங்கிவிடுகிறது. இவ்விரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தொலைவே உடலைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீண்டுவிடுகிறது. ஆகவே, வில்லின் விறைப்பை அப்படியே வைத்துக்கொண்டு தாழ்த்திய ஊர்தி, முன்பைவிட மிகுதியாகவே சாயக்கூடும். ஸ்டீயரிங் கோலின் கோணமும் கீழ்க்கையின் கோணமும் பொருந்தாமல் போவதால், மேட்டில் ஏறும்போதெல்லாம் சக்கரம் தானாகச் சற்றே திரும்பும். இது பம்ப் ஸ்டீர் எனப்படும். நேராகச் செல்லும் ஊர்தியில் ஸ்டீயரிங்கை ஓட்டுநர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஓட்டுநரின் இருக்கையும் இக்கணக்கில் சேரும். மேற்கண்ட 700 கிலோ ஊர்தியில் ஓட்டுநர் 70 கிலோ என்றால், அவர் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. அவரது இருக்கையை மட்டும் 20 செ.மீ. இறக்கினால் ஊர்தியின் ஈர்ப்பு மையம் 2 செ.மீ. இறங்கும். வில்லை வெட்டிப் பெற்ற பயனில் பாதி, சஸ்பென்ஷனின் ஒரு கோணமும் கெடாமல் கிடைத்துவிடுகிறது. ஆனால் கூரையும் கதவும் உள்ள தானுந்தில் 20 செ.மீ. இறக்கினால் ஓட்டுநருக்குச் சாலை தெரியாது. ஊர்தியின் வடிவத்தையே மாற்றினால்தான் இது முடியும்.

ஃபார்முலா மாருதி

1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. 796 சிசி கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட அதன் இயந்திரம், அம்பாசடர், ஃபியட் இயந்திரங்களை நோக்க மிகச் சிறியது, இலகுவானது. இயந்திரம், கியர்பெட்டி, சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்தளிக்கும் பகுதி ஆகிய மூன்றும் ஒரே கட்டாக முன்சக்கரங்களுக்கு இடையே பொருத்தப்பட்டிருந்தன. உதிரி உறுப்புகள் சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் கிடைக்கலாயின.

கரிவரதன் 1980களின் இறுதியில் உருவாக்கிய ஊர்தியில் இந்தக் கட்டு ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கப்பட்டது. முன்சக்கர இயக்கத்திற்காகச் செய்யப்பட்ட கட்டு இவ்வாறு பின்சக்கரங்களை இயக்கும். எஃகுக் குழாய்களால் ஆன சட்டம், சக்கரங்களை மூடாத உடல், நடுவில் ஓர் இருக்கை என்பது ஊர்தியின் அமைப்பு. சாலையில் ஓடும் மாருதி 800 இன் உயரம் சுமார் 1.4 மீட்டர், அதில் ஓட்டுநர் நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்து அமர்கிறார். ஒற்றை இருக்கை ஊர்தியில் அவர் ஏறத்தாழத் தரையின்மீதே காலை நீட்டிச் சாய்ந்து அமர்கிறார். இயந்திரம் அதேதான், ஆற்றலும் பெரிதாகக் கூடிவிடவில்லை. எனினும் கூரை, கதவுகள், கண்ணாடிகள், பின்னிருக்கை ஆகியவற்றின் எடை நீங்கியதோடு, எஞ்சிய எடையும் கீழே வந்துவிட்டது.

இதைவிட முக்கியமானது சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் இடங்கள் பற்றியதாகும். சாலைத் தானுந்தைத் தாழ்த்துபவர், உற்பத்தியாளர் குறித்த புள்ளிகளை மாற்ற முடியாமல் அவற்றிலிருந்து விலகிச் செல்கிறார். குழாய்ச் சட்டத்தைப் புதிதாக இணைப்பவரோ, தாம் விரும்பும் உயரத்தை முதலில் முடிவுசெய்து, அந்த உயரத்தில் கைகள் சரியான கோணத்தில் நிற்குமாறு புள்ளிகளை வைக்கலாம். தாழ்வும் சரியான கோணமும் ஒருங்கே கிடைப்பது இதனால்தான்.

இக்கருத்து உலகிற்குப் புதிதன்று. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1948 இல் பழைய ஆஸ்டின் செவனின் உறுப்புகளைக் கொண்டே தம் முதல் ஊர்தியைக் கட்டினார். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் உறுப்புகளால் ஆன ஃபார்முலா வீ 1963 இல் ஏற்கப்பட்ட பந்தய வகையாயிற்று. இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு 1967 இல் தொடங்கியது. இவற்றின் இந்திய இணையாக ஃபார்முலா மாருதியைக் கருதலாம். ஆனால் அந்நாடுகளில் இவை ஏற்கெனவே இருந்த பந்தய வகைகளுக்குக் கீழே ஒரு படியாக அமைந்தன. இந்தியாவில் பணம் படைத்தவர்களின் இறக்குமதி ஊர்திகளுக்கும் தாழ்த்தப்பட்ட சாலைத் தானுந்துகளுக்கும் நடுவே வேறு எதுவும் இருக்கவில்லை. ஃபார்முலா மாருதி நிரப்பியது அந்த வெற்றிடத்தையே. மேலும், எல்லோரும் ஏறக்குறைய ஒரே ஊர்தியை ஓட்டியதால், யாருடைய பட்டறை சிறந்தது என்ற கேள்வி பின்னுக்குச் சென்று யார் சிறந்த ஓட்டுநர் என்பது வெளிப்படத் தொடங்கியது. கரிவரதன் தாம் பந்தயங்களில் பெற்ற இடங்களைவிட இதற்காகவே நினைவில் வைக்கப்பட வேண்டியவர்.

இருங்காட்டுக்கோட்டை

சோழவரத்திற்கு மாற்றாக, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தனக்கென்று ஒரு தடத்தை அமைத்தது. சென்னையிலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து, திருப்பெரும்புதூரை அடையுமுன் வரும் இருங்காட்டுக்கோட்டையில், 3.717 கி.மீ. நீளமுள்ள இத்தடம் 1990 இல் பயன்பாட்டிற்கு வந்தது. பந்தயத்திற்காகவே வடிவமைக்கப்பட்ட தடம் என்பதால் இதில் பலவகை வளைவுகள் உண்டு. விரைவாக எடுக்கும் நீண்ட வளைவுகளும் இறுக்கமானவையும் அடுத்தடுத்து வருகின்றன. ஓடுபாதையில் ஆற்றலுக்கு இருந்த முதன்மை இங்குக் குறைந்து, கையாளும் தன்மைக்கு மதிப்பு உயர்ந்தது. சிறிய இயந்திரமும் தாழ்ந்த உடலும் கொண்ட ஃபார்முலா மாருதிக்கு இத்தடம் பொருத்தமாக அமைந்தது. ஊர்தியும் தடமும் ஓரிரு ஆண்டு இடைவெளியில் ஒன்றுக்கொன்று துணையாக வந்து சேர்ந்தது இந்தியப் பந்தயத்தின் நற்பேறு.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1990களின் தொடக்கத்தில் இத்தடத்தில் ஃபார்முலா மாருதியில்தான் தம் முதல் பந்தயத்தை ஓடி, முதல் மூவருள் ஒருவராக வந்தார். 2005 இல் ஜோர்டான் அணிக்காக ஓடி ஃபார்முலா 1 இல் பங்கேற்ற முதல் இந்தியரானார். இரண்டாவது இந்தியரான சென்னையின் கருண் சந்தோக்கும் 2000 ஆம் ஆண்டில் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2010 இல் ஃபார்முலா 1 ஐ அடைந்தவரே. இதுவரை ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓடிய இந்தியர் இவ்விருவர் மட்டுமே.

இறப்பும் பின்னரும்

கரிவரதனுக்கு வான்பறத்தலிலும் ஈடுபாடு இருந்தது. 1995 இல் இலகுரகச் சிறு வானூர்தி ஒன்று விபத்துக்குள்ளானதில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ நாற்பது வயது. நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 இல் ஓடியதை அவர் காணவில்லை.

கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்திற்கு அவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயரிடப்பட்டுள்ளது. தேசியப் பந்தயத் தொடர்களின் சுற்றுகள் இங்கும் இருங்காட்டுக்கோட்டையிலும் நடைபெறுகின்றன. ஃபார்முலா மாருதிக்குப் பின் கோயம்புத்தூரில் கட்டப்பட்ட எல்.ஜி.பி. வகை ஒற்றை இருக்கை ஊர்திகளும், இந்தியச் சாலைத் தானுந்து ஒன்றின் இயந்திரத்தை எடுத்துப் புதிய குழாய்ச் சட்டத்தில் பொருத்தும் அதே முறையைப் பின்பற்றியவை.

பந்தயத் தடத்திற்கு வெளியே நிலை வேறு. அம்பத்தூர், பாடி, பூந்தமல்லி நெடுஞ்சாலைகளில் வில் வெட்டித் தாழ்த்திய தானுந்துகளை இன்றும் காணலாம். வேகத்தடைகளில் அவற்றின் அடிப்பகுதி உரசும் ஓசையையும் கேட்கலாம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி ஊர்தியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இத்தடையை உறுதிசெய்து தீர்ப்பளித்தது.